முறிந்த கம்பியின் சாட்சியம்

ஒரு பொருள் பழுதாகி, வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையே வழக்கு எழும்போது, பழுதுக்குக் காரணம் எது என்ற கேள்வியைவிட, அந்தக் காரணத்தை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்ற கேள்வியே முடிவைத் தீர்மானிக்கிறது. நுகர்வோரில் பலர் தோற்பதும் அந்த இடத்தில்தான். மிதிவண்டிச் சக்கரம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. வாங்கி ஓராண்டு நிறைவதற்குள் பின்சக்கரத்தின் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து, ரிம் கோணி, சக்கரம் எட்டுப் போட்டுச் சுழலும் நிலைக்கு வந்த வண்டியை உத்தரவாத அட்டையுடன் கடைக்கு உருட்டிச் செல்பவருக்கு, 'தவறான பயன்பாடு' என்ற இரண்டே சொற்களில் விடை கிடைத்துவிடுகிறது. பள்ளத்தில் இறக்கியிருக்கலாம், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருக்கலாம், வெளியாரிடம் கோட்டம் எடுத்திருக்கலாம் என்று அடுக்கப்படும் காரணங்கள் எல்லாமே ஊகங்கள். சக்கரத்தைக் கழற்றி, முறிந்த இடத்தை உற்றுப் பார்த்து, இன்னதால் இது முறிந்தது என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தருவது அரிதினும் அரிது.

சாதாரண மிதிவண்டியின் பின்சக்கரத்தை மாற்றுவதற்கு ஆகும் செலவு, நீதிமன்றங்கள் வழக்கமாகக் காணும் தொகைகளுக்கு முன் அற்பமானதே. ஆயினும் அந்தச் சக்கரத்தை நம்பித்தான் ஒருவர் விடிவதற்கு முன் பால் கேன்களை ஏற்றிச் செல்கிறார். ஒருவர் முறை வேலைக்கு ஆலைக்குப் போகிறார். பேருந்து வராத ஊரிலிருந்து ஒரு மாணவி பள்ளிக்குப் போகிறார். உரிமையைக் கேட்டுப் பெறுவதற்கு ஆகும் அலைச்சலும் செலவும் பொருளின் விலையைத் தாண்டிவிடும்போது, கோரிக்கையை மறுத்துவிடுவதே விற்பவருக்கு ஆதாயமான வழியாகிவிடுகிறது. பெரும்பாலோர் இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

உண்மையில், எந்தக் காரணத்தால் உடைந்தது என்பதை மிதிவண்டிச் சக்கரத்தைப் போல வெளிப்படையாகக் காட்டும் பொருள்கள் குறைவு. அதை உணர அச்சக்கரம் பாரம் தாங்கும் விதத்தை அறிய வேண்டும். மாட்டுவண்டிச் சக்கரத்தில் நடுவே குடம், குடத்திலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டை, வட்டைக்கு மேல் இரும்புப் பட்டை என்று அனைத்தும் அழுத்தத்தைத் தாங்கும் உறுப்புகள். அச்சின் பாரம் கீழே வரும் ஆரக்காலின் மீது இறங்க, அது தூணைப்போல நின்று சுமக்கிறது. மிதிவண்டியின் கம்பியோ பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே உடையது. தனியே எடுத்துத் தூண்போல நிறுத்தி அழுத்தினால் கையாலேயே வளைத்துவிடலாம். ஆகவே அதில் எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே இழுத்து முறுக்கிக் கட்டப்படுகின்றன. 1869-இல் பாரிஸில் எஜேன் மெயர் இத்தகைய இழுவிசைச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகள் குடத்தின் விளிம்பிலிருந்து சாய்வாகக் கிளம்பி ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் அமைப்புக்கு 1874-இல் காப்புரிமை பெற்றார். இன்று நம் தெருக்களில் ஓடும் மிதிவண்டிகளில் பெரும்பாலானவற்றின் சக்கரங்கள் இந்தக் குறுக்குப் பின்னலில் கட்டப்பட்டவையே.

நடுவிலுள்ள குடத்தை ஹப் என்றும், வெளிவட்டத்தை ரிம் என்றும், கம்பியை ரிம்முடன் பிணைக்கும் சிறு திருகு மறையை நிப்பிள் என்றும் கடைக்காரர்கள் அழைக்கின்றனர். நிப்பிளைத் திருகத் திருகக் கம்பியின் இறுக்கம் கூடும். வலப்பக்கக் கம்பியை இறுக்கினால் ரிம் வலப்பக்கமும், இடப்பக்கத்தை இறுக்கினால் இடப்பக்கமும் நகரும். இவ்வாறு இருபுறமும் சரிபார்த்து ரிம்மை ஆட்டமின்றிச் சுழலச் செய்வதற்குத்தான் கோட்டம் எடுத்தல் என்று பெயர். நன்றாகக் கட்டப்பட்ட இக்காலச் சக்கரம் ஒன்றில் ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 100 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு ஈடான இழுவிசையில் இருக்கும். 36 கம்பிகள் கொண்ட சக்கரத்தில் அவற்றின் கூட்டு இழுவிசை 3 டன்னைத் தாண்டும். மெலிந்து தெரியும் அந்தச் சக்கரத்துக்குள் அவ்வளவு விசை எப்போதும் அடைபட்டுக் கிடக்கிறது.

ஒருவர் வண்டியில் ஏறி அமர்ந்ததும் மேற்பக்கக் கம்பிகள் மேலும் இழுபட்டுப் பாரத்தைத் தாங்குவதாகவே பலரும் எண்ணுகின்றனர். 1981-இல் வெளிவந்த 'த பைசைக்கிள் வீல்' என்ற நூலில் அமெரிக்கப் பொறியாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட் இந்த எண்ணம் தவறானது என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். பாரம் ஏறும்போது குறிப்பிடத்தக்க மாற்றம் நிகழ்வது, தரையைத் தொடும் இடத்துக்கு நேர்மேலே வரும் சில கம்பிகளில் மட்டுமே. அவற்றின் இழுவிசை குறைகிறது, மற்றவற்றில் பெரிய மாற்றமில்லை. அதாவது சக்கரம் ஒரு முறை சுழலும்போது ஒவ்வொரு கம்பியும் ஒரு முறை தளர்ந்து மீண்டும் இறுகுகிறது. 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.2 மீட்டர் நகரும் என்பதால், ஒரு கிலோமீட்டருக்கு 450 முறை இந்தத் தளர்வும் இறுக்கமும் நிகழும். நாளொன்றுக்கு 10 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 300 நாள்கள் ஓட்டுபவரின் வண்டியில் ஒவ்வொரு கம்பியும் 13 லட்சம் தடவைக்கு மேல் இதற்கு ஆட்படுகிறது.

ஒரு கம்பியை ஒரே மூச்சில் இழுத்து அறுக்க மிகப் பெரிய விசை தேவை. ஆனால் அதைவிட மிகக் குறைந்த விசையே லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கினால் உலோகத்தில் நுண்ணிய வெடிப்பு தோன்றி, அது மெல்ல மெல்ல உள்ளே வளர்ந்து, எஞ்சிய பகுதி பாரம் தாங்காமல் ஒரு நாள் திடீரென அறுந்துவிடும். இதைத்தான் பொறியியலில் உலோகச் சோர்வு என்கின்றனர். மிதிவண்டிக் கம்பி பெரும்பாலும் சோர்வுறுவது, ஹப்பின் துளைக்குள் நுழைந்து வளையும் கழுத்துப் பகுதியிலோ நிப்பிளுக்குள் மறை தொடங்கும் இடத்திலோதான். சரியாகக் கட்டப்பட்ட சக்கரத்தில் கம்பி நெடுங்காலம் அறாமல் இருப்பதற்கும், மோசமாகக் கட்டப்பட்டதில் சில மாதங்களிலேயே அறுவதற்கும் காரணம் பயணியின் எடையிலோ சாலையின் மேடுபள்ளத்திலோ மட்டும் இல்லை. கம்பியின் கழுத்து ஹப்பின் விளிம்போடு படிந்து உட்காராமல் விடப்பட்டதா, கம்பிகளின் இறுக்கம் சீராக இருந்ததா, கட்டி முடித்தபின் இணைகம்பிகளைச் சேர்த்துப் பிடித்து அழுத்தி அவற்றில் தேங்கிய விசையைத் தணித்தார்களா என்பனவே பெரிதும் தீர்மானிக்கின்றன. எந்திரத்தில் வேகமாகக் கோக்கப்பட்டு வரும் மலிவுச் சக்கரங்களில் இந்தக் கடைசிப் பக்குவமே முதலில் கைவிடப்படுகிறது. ஒரு கம்பி அறுந்தால் அதன் பங்கு அண்டைக் கம்பிகளின் மீது விழுகிறது. அவையும் முன்னமே சோர்ந்திருந்தால் வாரத்துக்கு ஒன்றாக அறுகின்றன. கடைக்கு வந்தவர் 'அடுத்தடுத்து அறுந்தது' என்று சொன்னால், அந்தச் சொல்லே ஒரு தடயம்.

முறிந்த கம்பியின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால், சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தாலே போதும், வேறுபாடு தெரியும். சோர்வால் முறிந்த முகப்பு ஏறத்தாழத் தட்டையாக இருக்கும். ஓரிடத்தில் தொடங்கிய வெடிப்பு படிப்படியாக முன்னேறியதால் அதன் பெரும்பகுதி மழமழப்பாகவும், சில வேளைகளில் அலை வற்றிய மணலில் காண்பது போன்ற மெல்லிய வரிகளுடனும், வெடிப்புக்குள் ஈரம் புகுந்திருந்தால் துருவின் நிறத்துடனும் காணப்படும். கடைசியில் பட்டென அறுந்த சிறு பகுதி மட்டும் சொரசொரப்பாக இருக்கும். மாறாக, ஒரே இழுப்பில் அறுந்த கம்பி முறியும் முன் நீண்டு, முறிந்த இடத்தருகே இடுப்பு சிறுத்ததுபோல மெலிந்திருக்கும். நேற்று ஒரு பள்ளத்தில் விழுந்ததால் முறிந்தது என்று சொல்லப்படும் கம்பியின் முகப்பில் பழைய துரு படிந்திருக்குமானால், வெடிப்பு நேற்றுப் பிறந்ததன்று என்பதைச் சொல்ல எந்த வழக்குரைஞரும் தேவையில்லை.

ரிம்மிலும் இதே போன்ற அடையாளங்கள் உண்டு. பள்ளத்திலோ நடைபாதைக் கல்லின் விளிம்பிலோ மோதிய ரிம்மில், அடிபட்ட இடத்தில் வட்டம் தட்டையாகியிருக்கும். டயரைப் பற்றியிருக்கும் பக்கச் சுவர்கள் உள்ளாகவோ வெளியாகவோ நசுங்கியிருக்கும். டியூபில் பாம்பு தீண்டியதைப்போல இரண்டு துளைகள் அருகருகே விழுந்திருக்கும். நிப்பிள் துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தால் அது மோதலின் வேலை அன்று. மெல்லிய உலோகத்தில் இழுவிசை ஓயாமல் வேலை செய்ததன் விளைவு. பிரேக் கட்டைகள் தேய்த்துத் தேய்த்துப் பக்கச் சுவர் மெலிந்து பிளந்த ரிம் இயல்பான தேய்மானத்துக்கு உரியது; அதற்கு உத்தரவாதம் கேட்பது முறையும் அன்று. சக்கரம் பக்கவாட்டில் எட்டாக மடிந்த நிகழ்வே தீர்ப்புச் சொல்லச் சற்றுக் கடினமானது. மேலிருந்து வரும் பாரத்தை வெகுவாகத் தாங்கும் இந்தச் சக்கரம் பக்கவாட்டு விசைக்கு வலுக்குறைந்தது. வண்டி சாய்ந்து விழுந்தபோது யாரேனும் மிதித்திருந்தாலும் மடியும், தொழிற்சாலையிலேயே கம்பிகள் தளர்வாக விடப்பட்டிருந்தால் ஒரு கூர்மையான திருப்பத்திலும் மடியும். எனினும் அந்நிலையிலும் மடிப்பில் சிக்காத கம்பிகளின் இறுக்கத்தை அளந்தால், அது முன்னர் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு ஒரு குறிப்புக் கிடைக்கும். அளப்பதற்குக் கையடக்கக் கருவிகள் உள்ளன.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இருவர் மூவர் ஏறிச் செல்வதும், கேரியரில் நெல் மூட்டை கட்டுவதும், காற்று இல்லாத டயரில் நெடுந்தூரம் ஓட்டுவதும் நம் ஊர்களில் அன்றாடக் காட்சிகள். அவற்றால் கெட்ட சக்கரத்துக்கெல்லாம் மாற்று தர வேண்டுமென்றால் அந்தச் செலவு நேர்மையாக ஓட்டுபவர் கொடுக்கும் விலையில்தான் ஏறும். ஆனால் இந்த நியாயம், ஆய்வு செய்து கண்டறிந்த தவறான பயன்பாட்டுக்கு மட்டுமே பொருந்தும். ஆய்வைத் தவிர்ப்பதற்கான சாக்காக அதைப் பயன்படுத்தும்போது அதன் தகுதி போய்விடுகிறது. மேலும், பின்சக்கரத்துக்கு மேல் கேரியரைப் பொருத்தி விற்றுவிட்டு, அதில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்பதை வாங்குபவர் படிக்கும் மொழியில் எங்கும் எழுதாமல் விட்டுவிட்டு, பிறகு 'அதிகப் பாரம்' என்று மறுப்பது எந்த அளவுகோலிலும் நேர்மை ஆகாது.

வெளியாரிடம் கோட்டம் எடுத்ததால் உத்தரவாதம் செல்லாது என்ற நிபந்தனை இதைவிடக் கொடிது. புதுச் சக்கரம் ஓடத் தொடங்கிய முதல் சில வாரங்களில் கம்பிகள் படிந்து இறுக்கம் குறைவது இயல்பு. அப்போது ஒரு முறை இறுக்கிக் கோட்டம் எடுப்பது சக்கரத்தின் ஆயுளைக் கூட்டும் நற்செயல். நிறுவனத்தின் சேவை மையம் மாவட்டத் தலைநகரில்கூட இல்லாத நிலையில், சிற்றூர்க்காரர் அந்த வேலைக்கு யாரிடம் போவார்? தெருமுனையில் நிப்பிள் சாவியுடன் அமர்ந்திருக்கும் சைக்கிள் கடைக்காரரிடம்தான். பல்லாண்டு அனுபவத்தில் விரலால் கம்பியைச் சுண்டி, எழும் ஓசையைக் கேட்டே தளர்ந்த கம்பியை அடையாளம் காணும் அந்தக் கைத்திறனைக் குற்றமாக்குவது அறிவுடைமை அன்று. அமெரிக்காவில் 1975-இல் இயற்றப்பட்ட மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டம், இலவசமாகத் தரப்பட்டாலன்றி, குறிப்பிட்ட நிறுவனத்தின் சேவையையோ உதிரிப் பாகத்தையோ பயன்படுத்தினால்தான் உத்தரவாதம் செல்லும் என்று நிபந்தனை விதிப்பதைப் பொதுவாகத் தடை செய்திருக்கிறது. இணையவழியில் வாங்கி, அரைகுறையாகப் பூட்டிய நிலையில் பெட்டியில் வந்திறங்கும் வண்டிகளின் நிலை இன்னும் சிக்கலானது. பூட்டும் பொறுப்பை வாங்குபவரின் தலையில் கட்டிவிட்டு, தவறாகப் பூட்டியதே காரணம் என்று பின்னர் மறுப்பதற்கு அது வழி வைத்துக்கொடுக்கிறது.

பொருளை உண்டாக்கியவர் அதைப் பயன்படுத்துபவருக்குப் பொறுப்பாளி என்ற சட்டக் கொள்கையின் வரலாற்றிலேயே ஒரு முறிந்த சக்கரம் நடுநாயகமாக இருப்பது கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தில் விண்டர்பாட்டம் என்ற அஞ்சல் வண்டி ஓட்டுநர், தாம் ஓட்டிய குதிரை வண்டி உடைந்து தூக்கி எறியப்பட்டு ஊனமுற்றபோது, வண்டியைப் பராமரிக்க ஒப்பந்தம் எடுத்தவர் மீது வழக்குத் தொடுத்தார். அவருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இடையே நேரடி ஒப்பந்தம் இல்லை என்ற ஒரே காரணத்தால் 1842-இல் வழக்குத் தள்ளுபடியானது; ஒப்பந்தம் எழுதிக்கொண்டவரைத் தவிர வேறு யாருக்கும் பொறுப்பில்லை என்ற அந்தக் கொள்கை தலைமுறைகளைக் கடந்து நிலைத்தது. பிறகு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் டொனால்டு மெக்பெர்சன் என்ற கல்தச்சர் ஓட்டிச் சென்ற பியூக் காரின் மரச் சக்கரத்தின் ஆரக்கால்கள் பொடிந்து, கார் கவிழ்ந்து அவர் காயமுற்றார். சக்கரத்தைத் தான் செய்யவில்லை, வேறொரு தொழிற்சாலையிடம் வாங்கிப் பொருத்தியதாகவும், காரை மெக்பெர்சனுக்குத் தான் விற்கவில்லை, முகவரே விற்றதாகவும் நிறுவனம் வாதிட்டது.

1916 மார்ச்சில் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ எழுதிய தீர்ப்பு அந்த வாதத்தை ஏற்கவில்லை. கவனக்குறைவாகச் செய்தால் உயிருக்கு ஆபத்து விளையும் பொருளை, முகவரைத் தாண்டி வேறொருவர் பயன்படுத்துவார் என்று தெரிந்தே செய்து விற்பவர், ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைக் கவனத்துடன் செய்யக் கடமைப்பட்டவர் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆரக்காலின் மரத்தில் இருந்த குறையை முறையான சோதனையால் கண்டிருக்க முடியும் என்பதும், அந்தச் சோதனை நடத்தப்படவில்லை என்பதும் அங்கே முக்கியமாயின. வாங்கிய உதிரிப் பாகத்தைச் சோதிக்காமல் பொருத்தியவர், பாகத்தைச் செய்தவரைக் கைகாட்டித் தப்ப முடியாது. நூறாண்டுகளுக்குப் பிறகும், ரிம் ஒரு நிறுவனத்திலும் கம்பி மற்றொன்றிலும் ஹப் வேறொன்றிலும் வாங்கப்பட்டு ஒரு பெயர்ப்பலகையின்கீழ் விற்கப்படும் மிதிவண்டிக்கு அக்கொள்கை அப்படியே பொருந்துகிறது.

இந்தியாவில் இக்கொள்கை முழு வடிவம் பெற்றது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில். 2020 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 84-ஆம் பிரிவு உற்பத்தியாளரைப் பொறுப்பாளியாக்கும் சூழல்களை வரையறுக்கிறது: உற்பத்திக் குறைபாடு, வடிவமைப்புக் குறைபாடு ஆகியவற்றோடு, வெளிப்படையாகத் தந்த உத்தரவாதத்துக்குப் பொருள் பொருந்தாமை, சரியான பயன்பாட்டுக்கான அறிவுறுத்தலோ தவறான பயன்பாடு பற்றிய எச்சரிக்கையோ இல்லாமை ஆகியவையும் அதில் அடங்கும். கேரியரின் பார அளவை எழுதாதவர் இந்தக் கடைசி வாசகத்தைப் படிக்க வேண்டும். இப்பிரிவு பொருளால் ஆட்களுக்கும் பிற உடைமைகளுக்கும் நேரும் கேட்டைப் பற்றியது. சக்கரத்தின் விலையையே திரும்பக் கேட்பவர், பொருளில் உள்ள குறைபாடு என்ற அடிப்படையில் அதே சட்டத்தின்கீழ்ப் புகார் அளிக்க வேண்டும். உத்தரவாத அட்டையே இல்லாவிட்டாலும்கூட, விற்கப்படும் பொருள் விற்கத்தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்ற உள்ளுறை நிபந்தனையை 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவும் குறிப்பிட்ட சூழல்களில் வழங்குகிறது.

புகார் அளிக்கும் வழியும் முன்பைவிட எளிதாகியிருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம். அதில் தீராவிட்டால், வாங்கிய ஊர் எதுவாயினும், நுகர்வோர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தரலாம்; பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை; வழக்குரைஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கேட்பதில் மட்டும் அளவு வேண்டும். உத்தரவாதம் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாக மட்டும் சொல்லியிருந்தால் வாகனத்தையே மாற்றித் தரும்படி ஆணையிட முடியாது என்று 2006-இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. சக்கரம் கெட்டதற்கு முழு வண்டியைக் கேட்பது, நியாயமான கோரிக்கையையும் வலுவிழக்கச் செய்யும்.

ஆனால் வழக்கின் மையமான இடத்தில் சட்டம் இன்னும் நுகர்வோரைத் தனியே விட்டிருக்கிறது. சோதனை செய்யாமல் குறைபாட்டை முடிவு செய்ய இயலாது என்றால், பொருளின் மாதிரியை முத்திரையிட்டு உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி, 45 நாள்களுக்குள் அறிக்கை பெற வேண்டும் என்று 38-ஆம் பிரிவு சொல்கிறது. இது அருமையான ஏற்பாடு; ஆயினும் ஆய்வகக் கட்டணத்தை முதலில் கட்ட வேண்டியவர் புகார் தருபவர். சக்கரத்தின் விலையைவிட அதைச் சோதிக்கும் கட்டணம் மிகுந்தால், எந்தப் பால்காரர் அதைக் கட்டுவார்? நிபுணர் சான்று இல்லையென்றால் உற்பத்திக் குறைபாடு மெய்ப்பிக்கப்படவில்லை என்று புகார் தள்ளப்படுகிறது. இவ்வாறு, எந்தக் கம்பி யாரிடம் எப்போது வாங்கப்பட்டது, எந்த இறுக்கத்தில் கட்டப்பட்டது, அதே தொகுதியில் வேறு எத்தனை சக்கரங்கள் திரும்பி வந்தன என்ற எல்லாத் தகவல்களும் நிறுவனத்தின் கையில் இருக்க, மெய்ப்பிக்கும் சுமை மட்டும் எதுவும் அறியாதவரின் தோளில் இருக்கிறது. ஒருவருக்கு மட்டுமே தெரிந்த செய்தியை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையதே என்பது நமது சாட்சியச் சட்டத்தின் பழைய நெறி. 2023-ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்திலும் அது 109-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. நுகர்வோர் வழக்குகளில் அந்த நெறிக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் சிக்கலை வேறு முனையிலிருந்து அவிழ்த்திருக்கிறது. 2019-இல் அது பிறப்பித்து 2022 தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்த நெறியாணையின்படி, பொருள் கைக்கு வந்து ஓராண்டுக்குள் வெளிப்படும் குறைபாடு, ஒப்படைத்தபோதே இருந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படும். அப்படி இல்லை என்றால் அதை மெய்ப்பிக்க வேண்டியவர் விற்பவர். பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தக் காலம் 6 மாதங்கள். இதனால் அங்கே தவறாகப் பயன்படுத்துபவர் எல்லாரும் தப்பிவிடுவதில்லை. நசுங்கிய ரிம்மைக் காட்டி விற்பவர் தம் தரப்பை எளிதில் நிறுவிவிடலாம். ஆய்வு நடப்பது கட்டாயமாகிறது என்பதே அங்குள்ள பெரிய வேறுபாடு. இந்தியச் சட்டத்திலும் குறைந்தது முதல் ஓராண்டுக்காவது இத்தகைய ஊகத்தைச் சேர்ப்பது நாடாளுமன்றத்தின் கையில் உள்ளது.

சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல் மாநில அளவில் செய்யக்கூடியவையும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவற்றில் உலோகவியல் துறைகள் இயங்குகின்றன. இத்தகைய துறைகளின் ஆய்வுக்கூடங்களை நுகர்வோர் வழக்குகளுக்குரிய ஆய்வகங்களாக அரசு ஏற்பளித்து, சிறுதொகை வழக்குகளில் சோதனைக் கட்டணத்தை நுகர்வோர் நல நிதியிலிருந்து தரலாம். முறிந்த கம்பியின் முகப்பை நுண்ணோக்கியில் பார்த்து ஒரு பக்க அறிக்கை எழுதுவது அத்துறை மாணவருக்குப் பாடத்தின் ஒரு பகுதியாகவே அமையும். இன்னொரு வழி, அரசு தானே பெரிய வாடிக்கையாளர் என்பதை நினைவில் கொள்வது. பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்க லட்சக்கணக்கில் கொள்முதல் செய்யும் தமிழ்நாடு அரசு, உத்தரவாதக் கோரிக்கை மறுக்கப்பட்டால் அதற்கான காரணத்தை ஒளிப்படத்துடன் தமிழில் எழுதித் தர வேண்டும் என்றும், ஊர் சைக்கிள் கடையில் கோட்டம் எடுத்ததைக் காரணம் காட்டக் கூடாது என்றும் ஒப்பந்தப்புள்ளியில் இரண்டு வரிகள் சேர்த்தால், அந்த இரண்டு வரிகள் சந்தை முழுவதற்கும் முன்மாதிரியாகும். விலை கொடுக்காமல் பெற்ற மாணவி கடைக்காரரிடம் உரிமை பேசத் தயங்குவார். அவர் சார்பில் வாங்கிய அரசு தயங்க வேண்டியதில்லை.

அதுவரை, சக்கரம் கெட்டு நிற்பவர்கள் செய்ய வேண்டியது மிகச் சிலவே. சக்கரத்தைக் கழற்றும் முன், நின்ற கோலத்திலேயே எல்லாப் பக்கமும் ஒளிப்படம் எடுக்க வேண்டும். விலைச்சீட்டும் உத்தரவாத அட்டையும் பத்திரமாக இருக்க வேண்டும். வாய்மொழி மறுப்பை ஏற்காமல், எதனால் மறுக்கப்படுகிறது என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். தர மறுத்தால், கேட்டதையும் மறுத்ததையும் பதிவஞ்சலில் எழுதி அனுப்ப வேண்டும். ஆய்வுக்கென்று சக்கரத்தை ஒப்படைத்தால் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் ஒப்படைக்கக் கூடாது. கோரிக்கை மறுக்கப்பட்டு, புதுச் சக்கரத்தைச் சொந்தச் செலவில் மாட்டிக்கொண்ட பிறகும், முறிந்த கம்பிகளையும் கோணிய ரிம்மையும் பழைய இரும்புக்காரரின் தராசில் போட்டுவிட வேண்டாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் வரை புகார் அளிக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த 2 ஆண்டுகளும் அவை வீட்டுப் பரணில் ஈரம் படாமல் இருக்கட்டும்.